தூங்க மறுத்த நோயாளிகள்: உளப்பகுப்பாய்வு உருவான விதம்

"ஆனால் டாக்டர், நான் தூங்கவில்லையே!"

வியன்னாவில் நரம்பு மருத்துவராகத் தொழில் நடத்திக்கொண்டிருந்த சிக்மண்ட் ஃபிராய்டுக்கு இந்த ஒரு வாக்கியம் பல வருடம் தலைவலியாக இருந்தது. நோயாளியைப் படுக்க வைத்து, "தூங்குங்கள், தூங்குங்கள்" என்று ஆணையிடுவார். சிலர் மயங்கினார்கள். பலர் கண்ணை மூடிக்கொண்டே மறுப்புச் சொன்னார்கள். "நான் சொல்வது சாதாரணத் தூக்கம் இல்லை, ஹிப்னாடிசம். பாருங்கள், உங்களால் கண்ணைத் திறக்க முடியவில்லை. அதுவும் போக, தூங்கித்தான் ஆகவேண்டும் என்று கட்டாயமும் இல்லை" என்று சமாளிக்க வேண்டியிருந்தது. இந்த வழக்காடல் தனக்குச் சலித்துப்போனதை அவரே 1895இல் எழுதியிருக்கிறார். ஹிப்னாடிசத்தில் அவர் கைதேர்ந்தவர் அல்ல. கைதேர்ந்தவராக இருந்திருந்தால், நோயாளியைப் பேசவைத்தே மனத்துயரின் வேரைத் தேடும் உளப்பகுப்பாய்வு என்ற ஒன்று வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஃபிராய்டு என்றதும் ஈடிபஸ் சிக்கல், கனவுகளின் பொருள், காமம் என்று கொள்கையிலிருந்து பேசத் தொடங்குவது நம் வழக்கம். ஆனால் கொள்கைக்கு முன்னால் ஒரு வேலைமுறை உருவாகிவிட்டது. மின்சாரம், ஹிப்னாடிசம், நெற்றியில் கை வைத்து அழுத்துவது என ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்ட பிறகு மிஞ்சியதுதான் அந்த முறை. கைவிட வைத்தவர்கள் பெரும்பாலும் நோயாளிகள். அதிலும் பெண்கள்.

விலாங்கிலிருந்து பாரிஸுக்கு

1856 மே 6 அன்று, இன்று செக் குடியரசில் இருக்கும் ஃபிரைபெர்க் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா யாகோப் கம்பளி வியாபாரி. அம்மா அமாலியா அவரைவிட 20 வயது இளையவர். வியாபாரம் நொடித்ததும் குடும்பம் லைப்சிக் வழியாக 1860இல் வியன்னா வந்து சேர்ந்தது. பையன் படிப்பில் சூரன். 17 வயதில் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தாலும் மருத்துவர் ஆகும் ஆசை அவ்வளவாக இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில்தான் மனம் லயித்தது. 1876இல் திரியெஸ்தே கடற்கரை ஆய்வு நிலையத்தில் ஆண் விலாங்கு மீனின் விந்தகம் எங்கே இருக்கிறது என்று தேடி ஏறத்தாழ 400 மீன்களை அறுத்துப் பார்த்தார். முடிவாக எதையும் சொல்ல முடியவில்லை. பிறகு எர்ன்ஸ்ட் ப்ரூக்கேயின் உடலியங்கியல் கூடத்தில் ஆறு வருடம் நுண்ணோக்கியும் நரம்பணுக்களுமாகக் கழிந்தது. மனத்தைப் பற்றி எழுதியவர் வெறும் கற்பனையாளர் என்று நினைப்பவர்கள் இந்த ஆறு வருடத்தை மறந்துவிடுகிறார்கள்.

1882இல் மார்த்தா பெர்னாய்ஸுடன் திருமணம் நிச்சயமானது. கையில் காசில்லை. ஆராய்ச்சியை நம்பினால் குடும்பம் நடத்த முடியாது என்று ப்ரூக்கேயே சொல்லிவிட்டார். வேறு வழியின்றி வியன்னா பொது மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தார். சீக்கிரம் பெயர் வாங்கவேண்டும் என்ற தவிப்பில்தான் 1884இல் கோகெய்ன் பக்கம் போனார். அன்று அது புதுச் சரக்கு. ஒரு கிராம் 33 க்ரொய்ட்சர் இருக்கும் என்று நினைத்தவரிடம் அதைப்போல் பத்து மடங்கு, 3 குல்டன் 33 க்ரொய்ட்சர் கேட்டார்கள். அப்படியும் வாங்கித் தானே உட்கொண்டு பார்த்து, சோர்வுக்கும் அஜீரணத்துக்கும் நல்லது, மார்ஃபின் பழக்கத்தை விடுவிக்கும் என்று புகழ்ந்து எழுதினார். மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்த நண்பர் ஃப்ளைஷ்ல் மார்க்ஸோவுக்கும் அதையே கொடுத்தார். நண்பர் இரண்டுக்கும் அடிமையாகி 1891இல் இறந்தார். கோகெய்ன் உண்மையில் எதற்குப் பயன்பட்டதோ, அதாவது கண் அறுவைக்கு முன் மரத்துப்போகச் செய்ய, அதைக் கண்டுபிடித்த புகழ் சக மருத்துவர் கார்ல் கோல்லருக்குப் போனது.

அதே ஆர்வக்கோளாறு, அதாவது ஒன்றிரண்டு பேரிடம் பலித்ததை எல்லோருக்கும் மருந்தாக்கிவிடும் பழக்கம், பின்னாலும் அவரை விடவில்லை.

1885 அக்டோபரில் உதவித்தொகை கிடைத்துப் பாரிஸ் போனார். சால்பேத்ரியே மருத்துவமனையில் ழான் மார்த்தேன் ஷார்கோ ஹிஸ்டீரியா நோயாளிகளை மேடையில் நிறுத்திப் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. கை கால் இழுத்துக்கொள்ளும், பேச்சு நின்றுவிடும், பார்வை மங்கும். உடலைச் சோதித்தால் ஒரு கோளாறும் தெரியாது. நடிப்பு என்று மற்ற மருத்துவர்கள் ஒதுக்கியதை ஷார்கோ நோயாக எடுத்துக்கொண்டார். ஹிப்னாடிசத்தில் ஒரு சொல்லைச் சொல்லியே அதே வாதத்தை வரவழைத்தும் காட்டினார்.

இங்கே ஃபிராய்டுக்குப் பிடிபட்ட ஒன்று நரம்பியல் தெரிந்தவருக்கே பிடிபடக்கூடியது. நரம்பு அறுந்து கை செயலிழந்தால், அந்த நரம்பு போகும் தடத்தில் மட்டும் மரத்துப்போகும். ஒழுங்கற்ற எல்லை இருக்கும். ஹிஸ்டீரியாவில் கை செயலிழந்தால், சட்டைக் கையின் தையல் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து விரல் நுனி வரை "கை" முழுவதும் போய்விடும். பாமரன் எதைக் "கை" என்கிறானோ அதுதான் போகிறது. உடற்கூறு என்று ஒன்று இருப்பதே தெரியாததுபோல் ஹிஸ்டீரியா நடந்துகொள்கிறது என்று 1893இல் எழுதினார். அப்படியானால் நோய் நரம்பில் இல்லை. கை என்ற எண்ணத்தில் இருக்கிறது. பின்னால் வந்த அத்தனைக்கும் கால்கோள் இந்தக் கவனிப்புதான். இது இன்றுவரை செல்லுபடியாகிற கவனிப்பும்கூட.

1886 ஏப்ரல் 25, ஈஸ்டர் ஞாயிறன்று தனி மருத்துவமனை திறந்தார். செப்டம்பரில் கல்யாணம். அன்றைய நரம்பு மருத்துவரின் பெட்டியில் முக்கியமாக இருந்தது மின்சிகிச்சைக் கருவி. பாடநூலில் சொன்னபடி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நடைபாதையில் விற்கும் கனவுப்பலன் புத்தகத்துக்கு இருக்கும் மதிப்புதான் அந்தப் பாடநூலுக்கும் என்று கசந்துபோய், ஹிப்னாடிசத்துக்கு மாறினார்.

ஒரு குவளைத் தண்ணீர்

ஃபிராய்டு பாரிஸ் போவதற்கு முன்பே, அவருக்கு அண்ணன்போல் இருந்து கடனும் கொடுத்து உதவிய யோசெஃப் ப்ராயர் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்லியிருந்தார். ப்ராயர் வியன்னாவின் பெயர்பெற்ற குடும்ப மருத்துவர். மூச்சைக் கட்டுப்படுத்தும் நரம்பு மறிவினை ஒன்று இன்றும் அவர் பெயரையும் சுமக்கிறது. அந்த நோயாளியை நூல்கள் "அன்னா ஓ." என்று அழைக்கும், இயற்பெயர் பெர்த்தா பாப்பென்ஹைம். 1880இல் 21 வயது. நோயில் விழுந்த அப்பாவுக்கு இராக்கண் விழித்துப் பணிவிடை செய்த பெண். கை கால் இழுத்துக்கொண்டது, இருமல் வந்தது, பார்வை தடுமாறியது. தாய்மொழியான ஜெர்மன் மறந்து ஆங்கிலம் மட்டும் பேசினாள்.

ஒரு கோடையில் ஆறு வாரம் அவளால் தண்ணீர் குடிக்க முடியவில்லை. தாகம் வாட்டும், குவளையை எடுப்பாள், உதட்டில் பட்டதும் தள்ளிவிடுவாள். முலாம்பழம் போன்ற பழங்களைத் தின்று தாகம் தணித்தாள். ஒருநாள் ஹிப்னாடிச நிலையில் தன்னுடன் இருந்த ஆங்கிலேயத் தோழிப்பெண்ணைத் திட்டத் தொடங்கினாள். அவள் அறைக்குள் போனபோது அந்தப் பெண்ணின் நாய்க்குட்டி குவளையில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்ததாம். மரியாதைக்காக அப்போது வாயை மூடிக்கொண்டாளாம். அடக்கிய அருவருப்பையும் கோபத்தையும் கொட்டித் தீர்த்தவள், தண்ணீர் கேட்டாள், நிறையக் குடித்தாள், உதட்டில் குவளையோடு விழித்தாள். அந்தத் தொந்தரவு திரும்ப வரவில்லை.

இதிலிருந்து ப்ராயர் ஒரு முறையை வகுத்தார். ஒவ்வொரு அறிகுறியையும் எடுத்து, அது கடைசியாக வந்த தருணத்திலிருந்து பின்னோக்கி, முதலில் தோன்றிய தருணம் வரை விடாமல் சொல்லவைப்பது. யாராவது அறைக்குள் வந்தால் காதில் விழாமல் போவது என்ற ஒரே அறிகுறிக்கு மட்டும் 108 தருணங்களைக் கணக்கெடுத்திருக்கிறார். நம் அர்ச்சனைக் கணக்கு. காலையும் மாலையுமாக மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்க வேண்டிய வேலை. இதற்குப் "பேச்சுவைத்தியம்" என்றும், "புகைபோக்கி துடைப்பது" என்றும் பெயர் வைத்தது மருத்துவர் இல்லை, நோயாளி.

1882 ஜூனில் சிகிச்சை முடிந்தது, பூரண குணம் என்று ப்ராயர் பின்னால் எழுதினார். அது உண்மையல்ல. அடுத்த மாதமே அவள் சுவிட்சர்லாந்தின் க்ரொய்ட்ஸ்லிங்கென் மருத்துவ விடுதியில் சேர்க்கப்பட்டாள். முகவலி, கூடவே மார்ஃபின் பழக்கம். 1970களில் ஆன்ரி எல்லன்பெர்கர் என்ற வரலாற்றாளர் அங்கிருந்த கோப்பைத் தேடி எடுத்த பிறகுதான் வெளியுலகுக்கு இது தெரிந்தது. அவள் திரும்ப நோயில் விழுந்தது ஃபிராய்டுக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் தன் துறையின் முதல் வெற்றியாக அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். சிகிச்சை முடிவில் அவளுக்குப் பொய்க் கர்ப்பம் வந்தது, ப்ராயர் பயந்துபோய் மனைவியுடன் வெனிஸுக்கு ஓடினார், அங்கே ஒரு மகள் கருவானாள் என்ற கதையும் நெடுநாள் சுற்றியது. அந்த மகள் 1882 மார்ச்சிலேயே பிறந்துவிட்டாள். கதை அதோடு முடிந்தது.

பாப்பென்ஹைம் சில வருடங்கள் விடுதிகளுக்குள் போய்வந்து, பிறகு மீண்டார். ஃபிராங்ஃபர்ட்டில் அனாதை விடுதியை நடத்தினார். 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவினார். பெண்களைக் கடத்தி விற்பதற்கு எதிராக நாடு நாடாகப் போனார். 1954இல் மேற்கு ஜெர்மனி அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவர் எப்படிக் குணமானார் என்பதற்குப் பேச்சுவைத்தியத்திடம் விடை இல்லை.

நெற்றியில் ஒரு கை

ஹிப்னாடிசம் கைகொடுக்காத இடத்தில் ஃபிராய்டு என்ன செய்தார்? 1889இல் பிரான்ஸின் நான்சி நகருக்குப் போனபோது, பேர்னைம் என்ற மருத்துவர் செய்து காட்டிய ஒன்று நினைவில் இருந்தது. ஹிப்னாடிசத்தில் நடந்தது எதுவும் ஞாபகமில்லை என்று சொல்லும் நோயாளியின் நெற்றியில் கையை வைத்து, "உங்களுக்குத் தெரியும், யோசியுங்கள்" என்று பேர்னைம் வற்புறுத்துவார். தயங்கித் தயங்கி எல்லாமே வெளியே வரும். மறந்தது அழிந்துவிடவில்லை, உள்ளேதான் இருக்கிறது என்றால் எதற்கு ஹிப்னாடிசம்? நோயாளி படுக்க வேண்டும், கண்ணை மூட வேண்டும். "இப்போது நெற்றியை அழுத்துவேன். கையை எடுக்கும் கணத்தில் ஏதாவது மனதில் தோன்றும். அது எதுவானாலும் சொல்லவேண்டும்." அவ்வளவுதான் முறை.

1892 இலையுதிர் காலத்தில் எலிசபெத் என்று அவர் பெயர் மாற்றி எழுதிய 24 வயதுப் பெண் வந்தாள். இரண்டு வருடத்துக்கு மேலாகக் கால்வலி, நடக்கவே கஷ்டம். வலது தொடையில் ஒரு குறிப்பிட்ட இடம் எல்லாவற்றுக்கும் மையம். ஹிப்னாடிசத்துக்கு அவள் மசியவில்லை. நெற்றியை அழுத்தியபோது சில நாள் சித்திரங்களும் நினைவுகளும் கோவையாக வந்தன. சில நாள் "ஒன்றும் தோன்றவில்லை" என்றாள். ஆனால் முகம் ஏதோ ஓடுவதைக் காட்டிக்கொடுத்தது. அவர் விடாமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை அழுத்துவார். பிறகு சொல்வாள். சொல்லிவிட்டு, இதை முதல் தடவையே சொல்லியிருக்கலாம் என்பாள். ஏன் சொல்லவில்லை? "நீங்கள் கேட்பது அதுவாக இருக்காது என்று நினைத்தேன்." அல்லது, "தள்ளிவிடலாம் என்று பார்த்தேன், திரும்பத் திரும்ப வந்தது."

மறதி என்று பெயர் பெற்றது உண்மையில் தடுத்து நிறுத்துவது என்று ஃபிராய்டுக்கு விளங்கியது இங்கேதான். சொல்லவிடாமல் தடுக்கும் விசையை "எதிர்ப்பு" என்றார். ஆரம்பத்தில் அந்த நினைவை உள்ளே தள்ளியதும் அதே விசைதான் என்று முடிவுகட்டி அதை "ஒடுக்கம்" என்றார். ஹிப்னாடிசத்தில் இந்த எதிர்ப்பு கண்ணில் படவே படாது. மயக்கத்தில் அது அமுங்கிவிடும். ஹிப்னாடிசம் பலிக்காமல் போனதால்தான் எதிர்ப்பு வெளியே தெரிந்தது.

தொடை வலிக்கும் விளக்கம் வந்தது. நோயுற்றிருந்த அப்பாவின் வீங்கிய காலுக்குக் கட்டு மாற்றும்போது, அந்தக் காலை அவள் தன் தொடையின் அதே இடத்தில்தான் வைத்துக்கொள்வாள். பிறகு இன்னொன்று. அக்கா இறந்து கிடந்த கட்டிலருகே நின்றபோது, "இனி இவருக்குத் தடையில்லை, என்னைக் கட்டிக்கொள்ளலாம்" என்று அத்தானைப் பற்றி ஒரு நினைப்பு மின்னலாய் வந்து போனதாம். அதை ஃபிராய்டு நேராக எடுத்துச் சொன்னபோது அவள் அலறி அழுதாள், மறுத்தாள், வலி கூடியது. பின்னால் குறைந்தது. 1894இல் ஒரு நடன விருந்தில் அவள் சுழன்று ஆடியதைப் பார்த்ததாக எழுதுகிறார். ஆனால் வெகுகாலம் கழித்து அவள் தன் மகளிடம் சொன்னது வேறு: யாரோ ஒரு தாடிக்கார இளம் நரம்பு டாக்டர், நான் அத்தானைக் காதலித்ததாக என்னை நம்பவைக்கப் பார்த்தார், உண்மையில் அப்படி ஒன்றும் இல்லை. வலி குறைந்தது மெய். விளக்கம் மெய்யா என்பதற்கு அந்த வலி சாட்சி சொல்லாது. உளப்பகுப்பாய்வின் மீது இன்றுவரை நிற்கும் முக்கியமான குற்றச்சாட்டு இந்த ஒரு நோயாளியிடமே முழுதாக இருக்கிறது.

கேள்வி கேட்பதை நிறுத்தச் சொன்னவளும் ஒரு நோயாளிதான். எம்மி என்று அவர் பெயரிட்ட பெண், 1889இல், "இது எங்கிருந்து வந்தது, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடுங்கள்" என்று சிடுசிடுத்தாள். ஃபிராய்டு கேட்டுக்கொண்டார். நெற்றியில் கை வைப்பதும் சில வருடங்களில் போயிற்று. மிஞ்சியது, படுத்துக்கொண்டு மனதில் வருவதை எல்லாம் சொல்வது. கட்டற்ற எண்ணத் தொடர் என்று இன்று சொல்வது அதைத்தான்.

ப்ராயரும் ஃபிராய்டும் சேர்ந்து எழுதிய ஹிஸ்டீரியா ஆய்வு நூல் 1895இல் வந்தது. 800 படி அச்சிட்டார்கள். 13 வருடத்தில் விற்றது 626. உளப்பகுப்பாய்வு என்ற சொல் 1896இல் ஃபிராய்டின் ஒரு பிரெஞ்சுக் கட்டுரையில் முதலில் தலைகாட்டியது. அதற்குள் இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

பிழைத்த இடங்கள்

1896 ஏப்ரல் 21 அன்று வியன்னா மருத்துவர்கள் முன்னால் ஃபிராய்டு ஒரு உரை நிகழ்த்தினார். தாம் பார்த்த 18 நோயாளிகளிடமும் ஹிஸ்டீரியாவின் வேர் சிறுவயதுப் பாலியல் துன்புறுத்தலே என்றார். தலைமை வகித்த க்ராஃப்ட் எபிங், "விஞ்ஞானத் தேவதைக் கதைபோல் இருக்கிறது" என்றார். 1897 செப்டம்பர் 21 அன்று ஃபிராய்டே தம் நெருங்கிய நண்பர் வில்ஹெல்ம் ஃப்ளீஸுக்குக் கடிதம் எழுதிக் கொள்கையைக் கைவிட்டார். அடுக்கிய காரணங்கள் பல. ஒரு சிகிச்சையும் முழுசாக முடியவில்லை. எல்லா வீட்டிலும் அப்பாவைக் குற்றவாளியாக்க வேண்டிவரும். அது அவ்வளவு பரவலாக நடக்குமா? நனவிலியில், அதாவது நாம் அறியாமல் இயங்கும் மனத்தில், நடந்ததற்கும் நினைத்ததற்கும் வேறுபாடு தெரிவதில்லை. சரி, நடக்காவிட்டாலும் பிள்ளை அப்படி ஆசைப்பட்டிருக்கலாம், கற்பனை செய்திருக்கலாம் என்று அவர் சிந்தனை திரும்பியது. அடுத்த மாதமே, 1897 அக்டோபர் 15 கடிதத்தில், அறியாமல் அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்த கிரேக்கக் கதை மன்னன் ஈடிபஸ் வந்துவிட்டார்.

அவர் கைவிட்டவற்றிலேயே அதிக விலை கொடுக்கவைத்தது இதுதான். கோட்பாடு வளர்ந்தது, ஆனால் உண்மையாகவே துன்புறுத்தப்பட்ட பிள்ளைகள் பல தலைமுறைக்கு "கற்பனை" என்ற பதிலைக் கேட்க நேர்ந்தது. கோழைத்தனத்தால் கைவிட்டார் என்று 1980களில் ஜெஃப்ரி மாஸன் என்ற ஆய்வாளர் குற்றம் சாட்டியது மிகை. துன்புறுத்தல் நடப்பதே இல்லை என்று ஃபிராய்டு ஒருபோதும் சொல்லவில்லை. ஆனால் 18க்கு 18 என்று முதலில் சொன்னதும் மிகைதான். கோகெய்ன் காலத்துப் பழக்கம்.

ஃப்ளீஸ் விஷயம் இதைவிட மோசம். காது மூக்குத் தொண்டை மருத்துவரான அவர், மூக்குக்கும் பாலுறுப்புக்கும் தொடர்பு உண்டு என்று நம்பியவர். 1895இல் ஃபிராய்டின் நோயாளி எம்மா எக்ஸ்டைனின் மூக்கில் அறுவை செய்துவிட்டு பெர்லின் போய்விட்டார். புண் அழுகி நாறியது. வேறொரு மருத்துவர் சோதித்தபோது, உள்ளே விட்டுவிட்ட அரை மீட்டர் நீளக் காஸ் துணி வெளியே வந்தது. குருதி பீறிட்டது, அந்தப் பெண் சாகப் பிழைத்தாள். அடுத்த வருடம் ஃபிராய்டு, அவளுடைய இரத்தப்போக்கு ஏக்கத்தால் வந்த ஹிஸ்டீரியா என்று ஃப்ளீஸுக்கு ஆறுதல் எழுதினார். 1950இல் கடிதங்களை அச்சிட்டவர்கள் இந்தப் பகுதிகளை நீக்கிவிட்டார்கள். முழுத் தொகுப்பு 1985இல்தான் வந்தது.

கனவுகளின் விளக்கம் 1899 நவம்பரில் வெளிவந்து 1900 என்ற ஆண்டைத் தாங்கியது. 600 படி விற்க எட்டு வருடம் ஆனது. வாய்தவறிச் சொல்வதைப் பற்றிய நூல் அதற்கடுத்து. ஆஸ்திரிய நாடாளுமன்றத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கி வைக்கும்போது "கூட்டம் முடிந்தது" என்று அறிவித்த கதை அதில்தான் இருக்கிறது. இவற்றைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது.

குறைவாகப் பேசப்படுவது டோராவின் வழக்கு. 1900 அக்டோபரில் 18 வயது டோராவை அவளுடைய அப்பாவே அழைத்துவந்தார். இருமல், குரல் அடைப்பு. குடும்ப நண்பர் ஒருவர் ஏரிக்கரையில் தன்னிடம் தகாத முறையில் பேசியதாக அவள் சொன்னாள், அப்பா நம்பவில்லை. அப்பாவுக்கோ அந்த நண்பரின் மனைவியோடு தொடர்பு. அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதற்கு விலையாகத் தன்னை நண்பருக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்று டோரா நினைத்தாள். ஃபிராய்டு அவள் சொன்ன நிகழ்ச்சிகளை நம்பினார். ஆனால் அவள் அந்த நண்பரைக் காதலிப்பதாகத் திரும்பத் திரும்ப அவளிடமே நிறுவப் பார்த்தார். 11 வாரம். டிசம்பர் 31 அன்று, "இன்றோடு சரி" என்றாள். எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டார். இரண்டு வாரத்துக்கு முன்பு என்றாள். வேலைக்காரப் பெண் நோட்டீஸ் கொடுப்பதுபோல் இருக்கிறதே என்றார் அவர்.

1905இல் இந்த வழக்கை வெளியிட்டபோது தோல்விக்குக் காரணத்தையும் எழுதினார். அப்பாவிடமும் அந்த நண்பரிடமும் இருந்த கோபத்தை டோரா மருத்துவர் மேல் ஏற்றிவிட்டாள். அதைத் தாம் உரிய காலத்தில் கவனிக்கவில்லை என்றார். உணர்ச்சி இடமாற்றம் என்ற கருத்து சிகிச்சையின் நடுநாயகமானது இதன் பிறகு. நோயாளி மருத்துவரை அப்பாவாக, அம்மாவாக, காதலராக நடத்தத் தொடங்குவது இடைஞ்சல் அல்ல, வேலையே அதுதான் என்றானது. 18 வயதுப் பெண்ணுக்குத் தன்னை நம்பாத பெரியவர்கள் வரிசையில் இன்னொருவர் சேர்ந்தார், அதனால் எழுந்து போனாள் என்ற எளிய விளக்கம் ஏனோ அவருக்குப் போதவில்லை.

அறையின் விதிகள்

1891 முதல் 47 வருடம் வியன்னாவின் பெர்க்காஸே தெரு 19ஆம் எண் வீடே மருத்துவமனை. அறை எப்படி இருந்தது என்பது 1938 மேயில் எட்மண்ட் எங்கல்மன் எடுத்த படங்களில் பதிவாகியிருக்கிறது. நோயாளிகள் படுக்கும் திவான் ஒரு நோயாளி அன்பளிப்பாகக் கொடுத்தது. மேலே பாரசீகக் கம்பளம். மல்லாந்து படுக்கும் கட்டில் என்று பலர் நினைக்கிறார்கள். தலையணைகளை உயர அடுக்கியிருந்ததால் பாதி உட்கார்ந்த நிலைதான். தலைமாட்டில், கண்ணில் படாதபடி மருத்துவரின் நாற்காலி. நோயாளி ஏன் படுக்க வேண்டும்? ஹிப்னாடிச காலத்து மிச்சம் என்று அவரே ஒப்புக்கொண்டார். இன்னொரு காரணம்: ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் மற்றவர்கள் தன்னை உற்றுப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை.

1911 முதல் 1915 வரை எழுதிய கட்டுரைகளில் நடைமுறையைச் சொல்லிவைத்தார். முதல் ஒன்றிரண்டு வாரம் வெள்ளோட்டம். ஆள் இந்தச் சிகிச்சைக்கு ஏற்றவரா, மனச்சிதைவின் தொடக்கமா என்று தெரிய வேண்டும். பிறகு ஞாயிறும் பண்டிகையும் தவிர தினமும் ஒரு மணி. ஒருநாள் இடைவெளி விட்டாலே மேலே ஆடை படிந்துவிடும். அதற்குத் "திங்கட்கிழமைப் பொருக்கு" என்று பெயர். அந்த மணிநேரம் நோயாளிக்குக் குத்தகை: வந்தாலும் வராவிட்டாலும் கட்டணம் உண்டு. இதில் கறாராக இல்லாவிட்டால், எதிர்ப்பு தலைதூக்கும் நாட்களில் பார்த்து ஜலதோஷமும் வேலையும் வந்துசேரும் என்பது அனுபவம். இலவசமாகப் பார்ப்பதையும் பத்து வருடம் செய்து பார்த்தார். நன்றிக்கடன் எதிர்ப்பைக் கூட்டியது.

நோயாளிக்கு ஒரே விதி. ரயிலில் சன்னலோரம் உட்கார்ந்தவர், உள்ளே இருப்பவருக்கு வெளியே ஓடும் காட்சியைச் சொல்வதுபோல் மனதில் ஓடுவதைச் சொல்ல வேண்டும். அற்பம், சம்பந்தமில்லாதது, அசிங்கம் என்று எதையும் சலிக்கக் கூடாது. கேட்க எளிது. நடப்பது வேறு. சிலர் வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு வந்து ஒப்பிப்பார்கள். வேண்டாததை வடிகட்டும் வழி அது. சிலர் அன்றன்று பேசியதை நெருங்கிய நண்பரிடம் கொட்டிவிடுவார்கள். சாரம் அங்கே ஒழுகிவிடும். எழுந்து கோட்டு மாட்டும்போது சொல்லும் ஒரு வாக்கியத்தில் அன்றைய விஷயமே இருக்கும். மருத்துவருக்கும் விதி உண்டு: குறிப்பு எடுக்கக் கூடாது. எழுதத் தொடங்கினால் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவோம். ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கண்டுபிடிப்போம். எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அவரே இவற்றைப் பின்பற்றினாரா? ஒரு நோயாளிக்குச் சாப்பாடு போட்டார். சொந்த மகள் அன்னாவையே திவானில் படுக்க வைத்துப் பகுப்பாய்வு செய்தார். இன்று யாராவது செய்தால் தொழிலை விட்டே விலக்குவார்கள். வாரம் ஆறு நாள் என்பது ஐந்தானதற்கும் கொள்கைக் காரணம் கிடையாது. 1921இல் ஐந்து பேருக்குத்தான் இடமிருந்தது, ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஐந்து பேருக்கு ஆறு நாள் முப்பது மணி என்றால், ஆறு பேருக்கு ஐந்து நாளும் முப்பதுதானே என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவர் அன்னா.

இவ்வளவு பெரிய மாளிகையைத் தாங்கும் தூண்கள் என்று ஐந்து வழக்குகளைச் சொல்வார்கள். டோரா பாதியில் போய்விட்டாள். குட்டி ஹான்ஸுக்கு வைத்தியம் பார்த்தது அவன் அப்பா. நீதிபதி ஷ்ரேபரை ஃபிராய்டு பார்த்ததே இல்லை. அவர் எழுதிய நூலை மட்டும் படித்தார். மிஞ்சுவது இருவர்.

வியன்னாவுக்கு வெளியே

1902இல் புதன்கிழமை மாலைகளில் ஐந்து பேராகக் கூடியது, 1908இல் வியன்னா உளப்பகுப்பாய்வுச் சங்கமானது. 1909இல் சீடர்கள் யுங், ஃபெரென்சி இருவரோடும் அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஐந்து உரைகள். 1910இல் பன்னாட்டுச் சங்கம். 1911இல் இன்னொரு சகா ஆட்லர் பிரிந்தார்; 1914க்குள் யுங்கும்.

நம் பக்கத்துத் தொடர்பு கல்கத்தா. கிரீந்திரசேகர் போஸ் என்ற மருத்துவர், வியன்னாவைக் கண்ணால் பார்க்காமலே, படித்தும் பழகியும் முறையைத் தாமாக வகுத்துக்கொண்டார். 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃபிராய்டுடன் பல வருடம் கடிதப் போக்குவரத்து. அடிபணிந்த சீடரும் அல்ல: எதிரெதிர் ஆசைகள் மனதில் இணையாகவே இருக்கின்றன என்பது அவர் கொள்கை; ஆண்குறியை இழந்துவிடுவோமோ என்று ஐரோப்பிய நோயாளியிடம் காணும் அச்சம் தம் நோயாளிகளிடம் அப்படியே இல்லை என்றும் எழுதினார். ஃபிராய்டு எப்படி இருப்பார் என்று கற்பனையாக ஓர் ஓவியம் வரைவித்து அனுப்பினார்கள். வந்து சேர்ந்தது அசல் ஆங்கிலேயர் முகம். 1931இல் 75ஆவது பிறந்தநாளுக்குத் தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை கல்கத்தாவிலிருந்து போனது. அவர் மேசை மேல் அது இடம்பெற்றது.

1923இல் வாயில் புற்றுநோய் கண்டது. நாளுக்கு 20 சுருட்டு பிடித்தவர். மேல்தாடையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, வாயையும் மூக்கையும் பிரிக்கச் செயற்கைத் தாடை பொருத்தினார்கள். அதற்குப் பிறகு முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகள். பேச்சு குழறியது, வலது காது கேட்காமல் போயிற்று. கேட்பதையே தொழிலாகக் கொண்டவர், இடது காது நோயாளியின் பக்கம் வரும்படி திவானையும் நாற்காலியையும் இடம் மாற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

1933இல் பெர்லினில் அவர் நூல்களை எரித்தார்கள். 1938 மார்ச்சில் நாஜிகள் வியன்னாவுக்குள் வந்தார்கள். அன்னாவை நாஜி இரகசியப் போலீஸான கெஸ்டாபோ ஒருநாள் பிடித்துவைத்தது. கிரேக்க இளவரசி மரீ போனபார்ட் வெளியேற்ற வரிக்குப் பணம் கட்ட, ஜூன் 4 அன்று குடும்பம் வியன்னாவை விட்டது. பின்தங்கிய நான்கு தங்கைகளும் பின்னால் நாஜி முகாம்களில் மாண்டார்கள்.

லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் மாரெஸ்ஃபீல்ட் கார்டன்ஸ் 20ஆம் எண் வீட்டில் திவான், கம்பளம், மேசை, சிலைகள் எல்லாவற்றையும் பழையபடியே அடுக்கினார்கள். 82 வயதில் நான்கு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1939 ஆகஸ்ட் 1 அன்று தொழிலை மூடினார். தோட்டம் தெரியட்டும் என்று அவருடைய நோய்ப்படுக்கையை அந்த அறைக்கே கொண்டுவந்து போட்டார்கள். வலி தாங்க முடியாமல் போனபோது, முன்பே செய்துகொண்ட ஒப்பந்தத்தை மருத்துவர் மாக்ஸ் ஷூருக்கு நினைவுபடுத்தினார். மார்ஃபின் ஊசி போட்டார்கள். செப்டம்பர் 23 அன்று உயிர் பிரிந்தது. நோயாளிகள் படுத்துப் பேசிய திவான் அதே அறையில், கம்பளம் விரித்தபடி, இன்றும் இருக்கிறது.